கேட்டுக்காரம்மா சொன்ன பொய்

அவளுடைய வலது கட்டைவிரல் எப்போதும் கறுப்பாகவே இருக்கும். காலையில் குளித்து, காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் அந்த ஒரு விரல் மட்டும் மறுபடி கரியாகிவிடும். அதே விரலால்தான் முந்தானையைச் சரிசெய்வாள், மூக்கைச் சொறிவாள், புகையிலையைக் கிள்ளி வாயில் அடக்குவாள். முகத்தில் எங்காவது ஒரு கரித்தீற்று இல்லாமல் நான் அவளைப் பார்த்ததே இல்லை.

புத்தூரில் ரயில்பாதை ஊரை ஒட்டியே போகிறது. ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் போகிற பாதை. எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு கேட். கேட்டுக்காரர் என்று பெயருக்கு இருந்தவர் அவளுடைய புருஷன். அவருக்கு முழங்கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். கேட் அறைக்குள் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு, வண்டி வரும் நேரத்தை மட்டும் அங்கிருந்தே கத்திச் சொல்வார். சக்கரத்தைச் சுற்றிக் கேட்டை இறக்குவது, கொடி பிடிப்பது, மாட்டுவண்டிக்காரர்களோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அவள்தான். அவளுக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஊருக்கு அவள் கேட்டுக்காரம்மா.

கேட்டுக்கு இந்தப்பக்கம் ஊர், பள்ளிக்கூடம், அடி, கணக்குப் பாடம். அந்தப்பக்கம் மலை, ஏரி, மாந்தோப்பு, யாரும் சுடாமல் விட்டுவிட்ட ஒரு சுண்ணாம்புக் காளவாய். ஆக, ஒரு பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் அந்தப்பக்கம்தான் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் கேட்டை நோக்கித்தான் ஓடுவோம். ஓடுகிறவர்களைப் பார்த்து அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். தமிழ்ப் பிள்ளை என்றால் "எங்க போறே?" தெலுங்குப் பிள்ளை என்றால் "எக்கடிகிரா?" எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. யாரோடு, எப்போது வருவாய், வீட்டில் சொல்லிவிட்டாயா, எதுவும் கிடையாது. இடத்தை மட்டும் சொன்னால் போதும்.

சொன்னதும் அடுப்புக்கரியை எடுத்துக் கேட் அறையின் வெளிச்சுவரில் ஒரு கோடு போடுவாள். சுவரில் நாலு இடம் பிரித்து வைத்திருந்தாள். கூம்பாக ஒன்று வரைந்திருந்தால் அது மலை. நெளிநெளியாக இருந்தால் ஏரி. மரம் மாதிரி ஒன்று மாந்தோப்பு. கட்டம் போட்டது காளவாய். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கோடு யாருடையது என்று ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. திரும்பி வரும்போது நாங்கள் அவள் முன்னால் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். கட்டைவிரலால் நம் கோட்டைத் தேய்த்து அழித்துவிடுவாள். பொழுது சாயும்போது சுவர் சுத்தமாக இருக்க வேண்டும்.

"செவுரு வெள்ளையானாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்பாள்.

அம்மாக்கள் யாரும் பிள்ளைகளைத் தேடி அலைந்ததில்லை. கேட்டுக்கு வந்து கேட்பார்கள், அவ்வளவுதான். "ஏரிப் பக்கம் போயிருக்குது. மூணு மணி வண்டி போனப்புறம் போச்சு. கூட வண்ணாரு பசங்க ரெண்டு பேரு" என்று சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள். அம்மாக்கள் தலையை ஆட்டிவிட்டு உலை வைக்கப் போய்விடுவார்கள். என் அம்மாவுக்கு அதுவும் வேண்டாம். "கேட்டுல கோடு இருக்குதில்ல? அப்போ சரி" என்று வீட்டிலிருந்தபடியே சொல்லிவிடுவாள்.

குழந்தைகளைத்தான் அவள் இப்படி நடத்தினாள். பெரியவர்களிடம் அவளுக்குப் பொறுமை என்பதே கிடையாது. கேட் இறக்கிய பிறகு கீழே குனிந்து நுழைகிற ஆம்பிளைகளைத் திட்டுகிற திட்டில் ரெண்டு பாஷையிலும் இருக்கிற கெட்ட வார்த்தைகளை நாங்கள் கற்றுக்கொண்டோம். அவளுடைய பிள்ளைகள் மூன்று பேர். மூன்றும் எங்களைவிட மோசமாகச் சுற்றின கழுதைகள். அதுகளுக்கும் கோடு உண்டு.

ஒருமுறை நானும் சீனுவும் மலைமேல் தூங்கிப்போனோம். சீனு எங்கள் பள்ளிக்கூடத்துத் தெலுங்கு வாத்தியாரின் மகன். என் வயதுதான். அவன் தெலுங்கில் பேசுவான், நான் தமிழில் பதில் சொல்வேன், சண்டை மட்டும் ரெண்டு பேரும் ரெண்டிலும் போடுவோம். பாறை நிழலில் படுத்தவர்கள் எழுந்தபோது வெயில் போயிருந்தது. கீழேயிருந்து "ஏ சரோ! ஒரேய் சீனு!" என்று குரல் வந்தது. புருஷனைக் கொடியோடு உட்காரவைத்துவிட்டு அவளே ஏறி வந்திருந்தாள். மூச்சிரைக்க நின்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

இறங்கும்போது நான்தான் ஆரம்பித்தேன். "உங்க வூட்டுலதான் இருந்தோம்னு சொல்லும்மா. அம்மா அடிக்கும்."

"அடிச்சா வாங்கிக்க."

"ஒரே ஒரு தபா சொல்லும்மா."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "தோ பாரு சரோ. நான் ஒரு தபா பொய் சொன்னேன்னு வை, அப்பால உங்கம்மா என் பேச்ச நம்புமா? நம்பலன்னா உன்ன அனுப்புமா? ரெண்டு அடில ஒண்ணும் செத்துட மாட்டே. நாளைக்கு மல வேணுமா, வாணாமா?"

வீட்டு வாசலில் அம்மா துடைப்பத்தோடு நின்றிருந்தாள். கேட்டுக்காரம்மா நேராகச் சொன்னாள். "மல மேல படுத்துத் தூங்கிக்கினு இருந்துச்சு. ரெண்டு அடி. அதுக்கு மேல வாணாம். நாளைக்கு அனுப்பிடு." அம்மா நாலு அடி அடித்தாள். மறுநாள் அனுப்பினாள்.

இப்போது நான் திருப்பதியில் மகன் வீட்டில் இருக்கிறேன். மூன்றாவது மாடி. பேத்திக்குப் பன்னிரண்டு வயது. இன்னும் தனியாக ரோட்டைக் கடந்ததில்லை. கையில் ஒரு கடிகாரம் கட்டியிருக்கிறார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்பதை அது மருமகளின் போனில் காட்டிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூட வேன் வாசலுக்கு வரும், வாசலிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து வீடு. "காலம் கெட்டுக் கெடக்குது அத்தை, பேப்பர்ல பாக்கறீங்க இல்ல? ஸ்கூல் பசங்களே கத்தி எடுத்துக்கினு குத்திக்கறாங்க" என்கிறாள் மருமகள். இது ஏதோ இன்றைக்குப் புதிதாக வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும்.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தபோது நாங்களும் அதோடு போய்விட்டோம். அதாவது நாங்கள் எங்கும் போகவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தோம். ராஜ்யம்தான் மாறியது. அதற்கப்புறம் எல்லை எது, எந்த ஊர் யாருக்கு என்று பேச்சு வருஷக்கணக்கில் நடந்தது. திருத்தணி யாருக்கு, புத்தூர் யாருக்கு, நகரி யாருக்கு என்று டீக்கடையில் பெரியவர்கள் ஊர்களைச் சோழி மாதிரி உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்வலம் போனார்கள், கடையடைத்தார்கள், பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். பெரியவர்களுக்கு அது அத்தோடு முடிந்தது. கேட்டுக்கொண்டிருந்த பையன்களுக்கு முடியவில்லை.

என் அண்ணன் தாமுவுக்குப் பதினாறு வயது. அவனும் அஞ்சாறு பேரும் சேர்ந்து தங்களுக்கு எல்லைப் படை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தெலுங்குப் பையன்களும் ஒரு சேனை சேர்த்தார்கள். முதலில் மண்ணாங்கட்டியால் அடித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள். பிறகு மைல்கல்லில் இருந்த தெலுங்கு எழுத்தில் ஒரு கூட்டம் தார் பூசியது. அடுத்த வாரம் இன்னொரு கூட்டம் தமிழ் எழுத்தில் பூசியது. மண்ணாங்கட்டி கருங்கல்லானது. ஒரு பையனுக்கு மண்டை உடைந்தது. "பசங்க சண்டை, நாளைக்கே ஒண்ணாயிடுவாங்க" என்று அப்போதும் சொன்னார்கள். சைக்கிள் செயினைக் கையில் சுற்றிக்கொண்டு பையன்கள் தெருவில் நடந்ததை எல்லாரும்தான் பார்த்தோம்.

கேட்டுக்காரம்மாவின் தாய்மொழி எது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. அதற்கு முன்னால் யாருக்கும் அது தோன்றியதில்லை. அவள் தமிழ்க்காரி, குடிபாலா பக்கம் என்றார்கள், இல்லை தெலுங்கு, காளஹஸ்தி என்றார்கள். தாமுவே ஒருநாள் போய், "நீ எந்தக் கட்சி, எங்க கட்சியா அவங்க கட்சியா?" என்று கேட்டான். "நான் கேட்டுக் கட்சி. நவுரு, வண்டி வருது" என்று சக்கரத்தைச் சுற்றினாள். அவளைப் பொறுத்தவரை பையன்களின் சண்டைக்கும் அவள் சுவருக்கும் சம்பந்தமில்லை. ஒரு பிள்ளை எங்கே என்று யார் வந்து கேட்டாலும் முன்பு போலவே சொன்னாள். அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, அதை வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்: "புள்ளய தேடறவங்க அக்கறையாலதான் தேடுவாங்க."

அந்த வருஷம் சீனு என்னோடு மலைக்கு வருவதை நிறுத்தினான். கூப்பிடப் போனபோது அவனுடைய கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தார்கள். "நுவ்வு அரவ பில்ல. போ" என்றான். நீ தமிழ்ப் பெண், போ என்றான். நான்கு வருஷம் ஒரே மாங்காயைக் கடித்துத் தின்றவன் சொன்ன சொல் அது. வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஒரு வாரம் அடங்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நான் செய்த காரியத்துக்கு அது ஒன்றுதான் காரணம்.

கோடை விடுமுறை. சாப்பாட்டுக்கு அப்புறம், தெருவில் ஆள் இல்லாத நேரம். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பிள்ளையார் கோயில் மதிலுக்குப் பின்னாலிருந்து தாமு என்னைக் கூப்பிட்டான். அவனோடு அஞ்சு பேர். எல்லார் கால்சட்டைப் பையும் கல்லால் புடைத்திருந்தது. ஒருவன் கையில் செயின்.

"சீனு எங்க கீறான்னு கேட்டுக்காரம்மாவ கேட்டுக்கினு வா" என்றான் தாமு. "அவங்க அம்மா தேடறாங்கன்னு சொல்லு."

"நீயே போய்க் கேளு."

"நான் கேட்டா இன்னாத்துக்குன்னு மூஞ்சியப் பாக்கும். உன்ன பாக்காது."

"அவன இன்னா பண்ணப் போறீங்க?"

"மைல்கல்லுல தார் பூசினது அவன்தான். சும்மா மெரட்டிட்டு வுட்டுடுவோம். போ, சைக்கிள் கத்துத் தரேன்."

தார் பூசியது சீனுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மிரட்டுவதற்கு அத்தனை கல் வேண்டாம் என்று மட்டும் அன்றைக்கே தெரிந்தது. பத்து வயது, ஒன்றும் அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. எனக்குத் தெரியும். இரண்டு அடி விழட்டும் என்று நினைத்தேன்.

அவள் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். "சீனு அம்மா தேடறாங்க. எங்க போயிருக்கான்?" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். "காளவாய்ல இருக்கான். தனியாத்தான் போனான். ஒரே யோசனையா போனான். நீயும் போ, கூட்டிக்கினு வா" என்றாள். எனக்காக ஒரு கோடு போடக் கரியை எடுத்தாள். "நான் போகல" என்று சொல்லிவிட்டு ஓடிவந்து தாமுவிடம் சொன்னேன். அவர்கள் கேட் வழியாகப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, தண்டவாளத்தைத் தாண்டிப் போனார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துச் சீனுவை மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆடு மேய்க்கிறவர் பார்த்துத் தூக்கி வந்திருந்தார். கேட் இறங்கியிருந்தது. ரயில் போகும் வரை மாட்டுவண்டி அங்கேயே நின்றது. அவ்வளவு நேரமும் கேட்டுக்காரம்மா வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொடி பிடிக்க மறந்துபோனாள். புருஷன் உள்ளேயிருந்து தவழ்ந்து வந்து கொடியைத் தூக்கினார்.

கையெலும்பு இரண்டாக முறிந்திருந்தது. அதற்கு எங்கள் ஊரில் கவலையில்லை, எங்கெங்கிருந்தோ எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட எங்கள் ஊருக்குத்தான் வருவார்கள். கை நாற்பது நாளில் சேர்ந்துவிட்டது. இடது கண்ணுக்கு யாராலும் கட்டுப் போட முடியவில்லை.

மறுநாள் காலை ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கு வந்தார்கள். சீனுவின் அப்பா, தெலுங்குக்காரர்கள் நாலைந்து பேர், தமிழ்க்காரர்கள் நாலைந்து பேர். என் நைனாவும் போனார், என் கையைப் பிடித்துக்கொண்டே போனார். தாமு முதல் நாளே சோளிங்கர் மாமா வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். அடித்தவர்கள் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள் என்று ஆடு மேய்க்கிறவர் சொன்னார். சீனு வலியில் வாயே திறக்கவில்லை. பையன் அங்கே இருக்கிறான் என்று தெரிந்து போயிருக்கிறார்கள், ஆகவே கேட்டுக்காரம்மாவிடம் யாரோ கேட்டிருக்க வேண்டும், கேட்டது யார் என்று தெரிந்தால் போதும். பெரியவர்கள் அந்த மட்டும் சரியாகத்தான் யோசித்திருந்தார்கள்.

சீனுவின் அப்பா கும்பிட்டபடி கேட்டார். "எவரம்மா அடிகிந்தி? யாரும்மா கேட்டது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் நைனாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரோ கேட்டாங்க. நெனப்பு இல்ல" என்றாள்.

எந்தக் கோடு யாருடையது, எந்த வண்டிக்கு அப்புறம் போட்டது என்று பத்து நாள் கழித்தும் சொல்லக்கூடியவள். "பெரியவங்களா, சின்னவங்களா?" நினைப்பு இல்லை. "தமிழா, தெலுங்கா?" நினைப்பு இல்லை. என் நைனாவே கத்தினார், "பொய் சொல்றே நீ!" அவள் தலையைக் குனிந்துகொண்டு கட்டைவிரலைப் புடவையில் துடைத்தாள். அவள் பொய் சொல்கிறாள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. வேண்டுமென்றே காட்டிக்கொடுத்தாள், அவள் அரவக் கட்சி என்றார்கள் தெலுங்குக்காரர்கள். கேட்டது யார் என்று சொல்லாமல் நம்ம பையன்கள் எல்லாரையும் கெட்டபேரில் மாட்டிவிட்டாள், அவள் தெலுங்குக் கட்சி என்றார்கள் நம்மவர்கள். பாஷை இல்லாமல் இருந்தவளுக்கு ஒரே நாளில் ரெண்டு பாஷையும் எதிரியாகிவிட்டது.

அன்றோடு பிள்ளைகள் கேட்டைத் தாண்டுவது நின்றது. ஊர் முழுக்கக் கதவு சாத்தினார்கள். பையன்களை மூன்று மாதம் பூட்டி வைத்தார்கள், பிறகு பையன்கள் எப்படியோ வெளியே போய்விட்டார்கள். பெண்பிள்ளைகளை மட்டும் திறக்க மறந்துபோனார்கள்.

ஒரு வாரம் கழித்து, அம்மா தூங்கும்போது நான் கேட்டுக்கு ஓடினேன். சுவரில் ஒரு கோடு இல்லை. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அழுதுகொண்டே சொன்னேன், "நான் போய்ச் சொல்லிடறேன். நான்தான் கேட்டேன்னு நைனாகிட்டச் சொல்லிடறேன்."

"சொல்லாத" என்றாள்.

"எல்லாரும் உன்னத் திட்டறாங்களே."

"திட்டட்டும், என்னா இப்ப? நான் மனுசனத் தப்பா நெனச்சேன், அதுக்கு வாங்கிக்கறேன். நீ சொன்னா என்னா ஆவும் தெரியுமா? பொட்டப்புள்ள ஊர் சுத்தினதாலதான் இவ்ளோவும்னு சொல்லுவாங்க. உன்ன ஜென்மத்துக்கும் வெளிய வுட மாட்டாங்க. நான் அதுக்காவா பொய் சொன்னேன்?"

பிறகு எழுந்து, சேலையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்ததில் கன்னத்தில் கரி ஒட்டியிருக்கும். "துன்னியா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். "செஞ்சது தப்பு. பெரிய தப்பு. சாவற வரைக்கும் மறக்காத. ஆனா அதுக்காவக் கால மடிச்சிக்கினு குந்தாத. போ, இப்பவே மலைக்குப் போய்ட்டு வா. நான் கோடு போடறேன்" என்று கரியை எடுத்தாள்.

கேட் திறந்திருந்தது. மலை அதே இடத்தில் இருந்தது. என் கால் நகரவில்லை. அந்தப் பாதையில்தான் மாட்டுவண்டி வந்தது. "நாளைக்குப் போறேன்மா" என்றேன். "நாளைக்கா? சரி, கட்டாயம் போ" என்று கரியைக் கீழே வைத்தாள். நான் வீட்டுக்கு வந்தேன். அம்மா எழுந்திருக்கவில்லை. கதவை நானே சாத்திக்கொண்டேன்.

அவள் மேல் புகார் போனது. கேட்டைப் பெண்பிள்ளை பார்க்கிறாள், புருஷன் படுத்துக் கிடக்கிறார் என்று எழுதிப் போட்டார்கள். அதுவரை யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ரெண்டு மாதத்தில் அவர்களை வேறு எங்கோ மாற்றினார்கள். போகிற அன்று நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் எல்லையும் ஒருவழியாக முடிவானது, திருத்தணி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். என்னை எல்லாரும் அடக்கமான பெண் என்று மெச்சினார்கள். தாமுவுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்து அங்கேயே இருந்து அங்கேயே இறந்தான். நாங்கள் ரெண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இத்தனை வருஷத்தில் ரயிலில் எங்கே போனாலும் ஒவ்வொரு கேட்டிலும் கொடியோடு நிற்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன். அவளுக்கு நூறு வயது தாண்டியிருக்கும் என்று தெரிந்தும் பார்க்கிறேன். அவளைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அவ்வளவு ஆசை எனக்கு வேறு யார்மேலும் இல்லை, பெற்றவர்கள் மேல்கூட இல்லை.

போன மாதம் சீனு வந்தான். பேத்திக்குக் கல்யாணம், யார் யாரிடமோ விலாசம் கேட்டுப் பத்திரிகை கொடுக்க வந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, தோளில் பை. புத்தூரிலிருந்து பஸ்ஸில் தனியாக வந்திருந்தான். லுங்கி வியாபாரம் செய்தானாம். கட்டாக், கல்கத்தா, அசாம் வரை மூட்டையோடு சுற்றியிருக்கிறான். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தான்.

மருமகள் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். இனி தள்ளிப்போட எனக்கு வயசில்லை. "சீனு, அன்னைக்குக் கேட்டுல போய்க் கேட்டது நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றான்.

"அந்தம்மா சொல்லிடுச்சா?"

"இல்ல. காளவாய்ல உங்க அண்ணன் கத்தினான், சரோ சொன்னது சரிதாண்டா, இங்கதான் கீறான்னு. கேட்டேன்." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "கட்டு அவுத்த மறுநாளே அந்தம்மா எங்க வூட்டுக்கு வந்துச்சு. எங்கம்மா கண்டபடி திட்டுச்சு. நின்னுக்கினு வாங்கிக்கிச்சு. மறுநாளும் வந்துச்சு. பையன உள்ளயே வெச்சா மிச்ச கண்ணுக்கும் ஒண்ணும் தெரியாமப் போயிடும், என்கூட அனுப்புன்னு. பத்து நாள் வந்தப்புறம் அனுப்புனாங்க. கையப் புடிச்சிக்கினு மல வரைக்கும் கூட்டிக்கினு போச்சு. அந்த ஊர வுட்டுப் போற வரைக்கும் தினம் போனோம். கல்லு எங்க, பள்ளம் எங்கன்னு ஒத்தக் கண்ணால பாக்க அதுதான் பழக்கிச்சு. அப்போதான் நான் சொன்னேன், சரோதான் சொன்னா, எங்க நாயனாகிட்டச் சொல்லப் போறேன்னு. 'ஒத்துரா' ன்னுச்சு. வாணாம்டா, நீ சொன்னா அந்தப் புள்ள மலயப் பாக்காமயே செத்துப்பூடும்னுச்சு. சரின்னு வுட்டுட்டேன்."

பத்து வயதுப் பையன். கண் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தால் அதிகம்.

அவன் சிரித்தான். "அத வுடுங்க. அதுக்கப்புறம் நீங்க எங்கெங்க போனீங்க, அதச் சொல்லுங்க."

"போகல, சீனு."

"போகலன்னா?"

"அந்த கேட்டத் தாண்டி ஒருநாள்கூடப் போகல. பதினேழு வயசுல கல்யாணம் பண்ணி இங்க அனுப்புனாங்க. அவங்க பூட்டினதால இல்ல. நானேதான் போகல."

அவன் முகம் மாறியது. கண் போனதற்கு என்மேல் கோபப்படாதவன், அதை நான் என் வாயால் சொன்னபோதும் கோபப்படாதவன், அப்போது கோபப்பட்டான். காபி டம்ளரை ஓசையோடு கீழே வைத்தான். மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்போ இன்னாத்துக்கு நாங்க ரெண்டு பேரும் வாய மூடிக்கினு இருந்தோம்? சொல்லு சரோ" என்றான். "இன்னாத்துக்கு?"